ஹோலுக்குள் ஒரு புகைக்கூடு

அக்காவுக்கு ஒரு வருடமாக இருமல். "புகைக்குக் கிட்டவும் போகக்கூடாது" என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் அத்தானுக்கு விறகடுப்பில் வைத்த மீன்குழம்புதான் தொண்டைக்குள் இறங்கும். காஸ் அடுப்பு துணி போர்த்தியபடி ஒரு மூலையில் கிடக்கிறது. குசினிக்குப் புகைக்கூடும் இல்லை... இருமாமல் என்ன செய்வாள்? இருமினால் அத்தான் சொல்லும் மருந்து கொத்தமல்லித் தண்ணீர்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போனேன். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட வீடு. தெருவில் வரும்போதே கூரைக்கு மேலே புதுச் செங்கல் புகைக்கூடு ஒன்று தெரிந்தது. அத்தானுக்கும் ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

உள்ளே போனால்... அது குசினியில் இல்லை, முன் ஹோலில் இருந்து கிளம்புகிறது!

அத்தான் கனடாவில் மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஹோலில் நெருப்பு எரிய, முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருந்தாராம். அதே ஃபயர் பிளேஸ் இங்கேயும் வேண்டுமாம். இங்கே இப்போது கச்சான் காற்று — தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற வெக்கை!

"ஒரு பிரச்சினை தம்பி," என்றார். "சூடு முழுக்க மேல போகுது. ஹோலுக்குள்ள நிக்குதில்லை. ஏதும் வழி சொல்லும்."

கச்சான் காலத்தில் வீட்டுக்குள் சூடு போதவில்லை என்று கவலைப்பட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். அதுவும் முன்னால் விறகு எரிய, தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்ற, துவாயால் கழுத்தைத் துடைத்தபடி!

நான் மட்டும் விட்டேனா? இன்டர்நெட்டில் படித்ததை எல்லாம் எடுத்து விட்டேன். பின்சுவரில் கனமான இரும்புத் தகடு வைத்தால் சூடு முன்னுக்கு வரும். விறகு நன்றாகக் காய்ந்த பாலை மரமாக இருக்க வேண்டும். முன்னுக்குக் கண்ணாடிக் கதவு... குசினியில் இருமல் கேட்டது. நாங்கள் குரலை உயர்த்திப் பேசினோம். இரண்டு படித்த மனிதர்கள்!

அத்தானுக்குப் பொறுமை இல்லை. புகைக்கூட்டுக்குள் புகைவழியை மூடித் திறக்கிற தகட்டை இழுத்துச் சாத்தினார். "இனிச் சூடு எங்க போகுதெண்டு பாப்பம்!"

சூடு போகவில்லை. புகையும் போகவில்லை. ஒரே நிமிடத்தில் ஹோல் இருண்டது. இருவரும் முற்றத்துக்கு ஓடினோம். அத்தான் ஐந்து நிமிடம் இருமினார். "நெஞ்சு அடைக்குது தம்பி. ஓட்டோ பிடியும், ஆஸ்பத்திரிக்குப் போவம்."

ஐந்து நிமிட இருமலுக்கு ஆஸ்பத்திரி. ஒரு வருட இருமலுக்குக் கொத்தமல்லித் தண்ணீர். ஆண்பிள்ளைகளின் கணக்கு இது. நானும் அதே கணக்குத்தான் பார்த்திருக்கிறேன் — வெட்கமாக இருக்கிறது.

அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்த் தகட்டைத் திறந்தாள். புகை நூல் பிடித்தாற்போல் மேலே போனது. கொஞ்சநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேசன் மிச்சம் விட்டுப்போன மூன்று செங்கல்லை உள்ளே அடுக்கி, குழம்புச் சட்டியைத் தூக்கிவந்து மேலே வைத்தாள். சோறு, கறி, சொதி எல்லாம் அங்கேயேதான். சமைத்து முடியும்வரை ஒருமுறைகூட இருமவில்லை.

இருமல் நின்று உள்ளே வந்த அத்தான் பதறிப்போனார். "என்னப்பா இது? ஹோலுக்குள்ள சட்டி பானை! வாற சனம் என்ன நினைக்கும்?"

அக்கா திரும்பியும் பார்க்கவில்லை.

"வாறவை சாப்பிட்டிட்டு நினைக்கட்டும்."