தீவுக்குத் தோல் வாங்கப் போனோம்

தோல்மண்டியில வேலை பார்க்கறவன் குளிச்சிட்டு வந்தாலும் சரி, குளிக்காம வந்தாலும் சரி, பக்கத்துல இருக்கறவன் கொஞ்சம் நகர்ந்துதான் உக்காருவான். இதைப் படிக்கற நீங்களும் ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் பச்சைத்தோலோட மல்லுக்கட்டினவங்களா இருந்தா, நான் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனக்கு உப்புப் போடற வேலை. உரிச்ச தோலை விரிச்சி, சதைப்பக்கம் உப்பைக் கொட்டித் தேய்க்கணும். தேய்க்காம விட்டா மறுநாளே முடி கழண்டு நாறிடும்.

அந்த வருசம் நம்ம பக்கம் தோல் ரொம்பக் கம்மி. சுமத்ராவை ஒட்டின தீவுங்கள்ல எருமைத்தோல் சல்லிசாக் கிடைக்குதுன்னு யாரோ எங்க முதலாளி காதுல போட்டுட்டாங்க. மூணு பேரைக் கிளப்பி விட்டாரு: மேஸ்திரி காதர் பாய், தோலைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்ற கன்னியப்பன், அப்புறம் நான். பினாங்கு வரைக்கும் புகைக்கப்பல். அங்கேருந்து உப்பு மூட்டைங்களோட ஒரு பாய்மரக் கப்பல்ல ஏறித் தீவு தீவாப் போகணும். கப்பலை நடத்தற தண்டேல் நாகூர்க்காரர். மத்த ஆளுங்கல்லாம் மலாய்க்காரங்க.

காத்து எந்தப் பக்கம்?

முதல் தீவுல தோலை ஏத்தின அன்னிக்கே பேஜார் ஆரம்பிச்சிடுச்சி. காத்து எங்க மேல பட்டு மத்தவங்க மேல போகக்கூடாதாம். அதனால எங்களைக் கப்பலோட ஒரு ஓரத்துல உக்கார வச்சாங்க. கொஞ்ச நேரத்துல தண்டேல் பாயைத் திருப்புவாரு, காத்து வேற பக்கம் ஆயிடும். உடனே மலாய்க்காரங்க மூக்கைப் பொத்திக்கிட்டுக் கையைக் காட்டுவாங்க. நாங்க படுக்கற பாய், தட்டு, சொம்பு எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு எதிர்ப்பக்கம் போவோம். கன்னியப்பனுக்குக் கப்பல் ஆட்டம் ஒத்துக்கல. வாந்தி எடுத்துக்கிட்டே எந்திரிச்சிப் போவான், போய் உக்காந்து மறுபடி வாந்தி எடுப்பான்.

நான் பொறுக்க மாட்டாம ஒருநாள் தண்டேல் கிட்டப் போயி, நாங்களும் மனுசங்கதானேன்னு கேட்டேன். அவர் சிரிக்கவே இல்ல.

"எப்பவும் காத்தைப் பார்த்துத்தான் பாயைத் திருப்புவேன், உங்களை ஏத்தினதுலேருந்து மூக்கைப் பார்த்துத் திருப்பறேன்யா."

பால் ஊத்த இடம்

மலாய்க்காரப் பையன் ஒருத்தன் பாய்மரத்து மேலேருந்து தவறி விழுந்து செத்துட்டான். வெள்ளைத்துணியில சுத்தினாங்க, ஓதினாங்க, காலுல கல்லைக் கட்டிக் கடல்ல இறக்கிட்டாங்க. கொஞ்சம் நுரை வந்துது, அவ்வளவுதான். கப்பல் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருந்துது.

கன்னியப்பன் அன்னிக்குக் கஞ்சி குடிக்கல. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருசம் கூட ஆகல. பொண்டாட்டி பேரு மங்கம்மா, அணைக்கட்டுப் பக்கத்துப் பொண்ணு. எங்க சனத்துல புதைச்ச இடத்துல பால் ஊத்தினாத்தான் செத்தவன் அடங்குவான், இருக்கறவங்களுக்கும் மனசு ஆறும். அவன் என் கையைப் புடிச்சிக்கிட்டான்.

"எனக்கு ஒண்ணு ஆச்சின்னா தண்ணியில மட்டும் போட்டுடாதண்ணா, எந்தத் தீவு மண்ணா இருந்தாலும் சரி, அதுல ஒரு பிடி எடுத்துட்டுப் போய் மங்கா கிட்டக் குடு, பால் ஊத்த அவளுக்கு ஒரு இடம் வேணும்."

நான் திட்டினேன். உனக்கு இன்னாடா ஆவப்போவுதுன்னு கேட்டேன்.

மேஸ்திரி உப்பு

ஆச்சி. குளிர் காய்ச்சல் வந்து படுத்தவன் எந்திரிக்கல. கடைசியில யாரையும் அடையாளம் தெரியல அவனுக்கு. பக்கத்துல கிடந்த என் சட்டையைத் தடவித் தடவி, "ரெண்டாம் தரம், ரெண்டாம் தரம்"னு சொல்லிக்கிட்டே இருந்தான். ஒரு காலையில உயிர் போச்சி. நேரம் பாருங்க, காத்தும் அன்னிக்கே நின்னு போச்சி. பாய் துவண்டு தொங்குது, கண்ணுக்கெட்டின வரைக்கும் தண்ணி. தண்டேல் வந்து பார்த்துட்டு, இந்த வெயில்ல வச்சிருக்க முடியாது, சாயங்காலம் இறக்கிடலாம்னாரு.

எனக்கு வேற எதுவும் தோணல. உப்பு மூட்டையைப் பிரிச்சேன். தோலுக்குப் போடற மாதிரியேதான் போட்டேன், வேற மாதிரி போட எனக்குத் தெரியாது. அழுதுக்கிட்டே தேய்ச்சேன். மலாய்க்காரங்க எல்லாம் தூரமாப் போயி நின்னு பைத்தியக்காரனைப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. மேஸ்திரி காதர் பாய் வந்தாரு. கீழே சிந்தின உப்பைக்கூடப் பெருக்கி அள்ளச் சொல்ற மனுசன் அவரு. இன்னா சொல்லப் போறாரோன்னு நான் தலையைத் தூக்கவே இல்ல.

"கம்மியாப் போடாதடா, இன்னொரு மூட்டை பிரி."

எது நாத்தம்?

தோல் தொழில் தெரிஞ்சவங்க இந்நேரம் தலையில அடிச்சிக்கிட்டு இருப்பீங்க. உரிச்ச தோல் வேற, முழு உடம்பு வேற. சதைப்பக்கம்தான் உப்புப் புடிக்கும்னு தினமும் பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுக்கற எனக்கே அன்னிக்கு அது மறந்து போச்சி. உப்பைப் பார்த்துட்டுத் தண்டேல் அன்னிக்குச் சாயங்காலம் இறக்காம விட்டாரு, ஆனா மறுநாளே வாடை கிளம்பிடுச்சி. மேல மேல கொட்டினோம். மேஸ்திரியும் நானும் மாத்தி மாத்திக் கொட்டினோம். காத்து வர்ற வழியாக் காணோம்.

தண்டேல் நேரா எங்க கிட்ட வந்தாரு. நான் எந்திரிச்சிக் குறுக்கே நின்னுக்கிட்டேன். இறக்கறதா இருந்தா என்னையும் சேர்த்து இறக்குங்கன்னேன். அவர் உப்புக் குவியலைப் பார்த்தாரு, அடுக்கி வச்சிருந்த தோலைப் பார்த்தாரு. அப்புறம் அவரு ஆளுங்க காதுல விழற மாதிரி சத்தமா மலாயில ஒருவாட்டி, எங்களுக்குத் தமிழ்ல ஒருவாட்டி சொன்னாரு.

"எது தோல் நாத்தம், எது அந்தாள் நாத்தம்னு எனக்குத் தெரியல, அதனால எதையும் கடல்ல இறக்க வேணாம், கரை வந்ததும் இறக்கிக்கலாம்."

தென்னந்தோப்பு

காத்து வந்துது. அடுத்த தீவுல இறங்கினோம். எங்களுக்கு எருமைத்தோல் விக்க ஒரு அம்மா காத்துக்கிட்டு இருந்தாங்க. தண்டேல் அவங்க பாஷையில விசயத்தைச் சொன்னாரு. அந்தம்மா வந்து பார்த்துட்டு, முக்காட்டால வாயைப் பொத்திக்கிட்டு, தன் தென்னந்தோப்புல ஒரு மூலையைக் காட்டினாங்க. மணல் நெலம். தோண்டத் தோண்டச் சரியுது. எப்படியோ ஆழமாத் தோண்டிப் புதைச்சோம். ஒரு பிடி மண்ணை எடுத்து என் துண்டுல முடிஞ்சிக்கிட்டேன்.

கரைக்குத் திரும்பறப்ப அந்தம்மா ஏதோ சொன்னாங்க. தண்டேல் முதல்ல சொல்ல மாட்டேன்னாரு, விடாமக் கேட்டதும் சொன்னாரு.

"எங்க எருமைங்களை எல்லாம் உங்க ஊருக்குக் கொண்டு போறீங்க, உங்க ஆளை எங்க கிட்ட விட்டுட்டுப் போறீங்க."

முதலாளி

இருந்த உப்பெல்லாம் கன்னியப்பனுக்கே தீர்ந்து போச்சே, அதுக்கப்புறம் வாங்கின தோலுக்கு உப்பு ஏது? பினாங்குல கொஞ்சம் வாங்கிப் போட்டோம், அதுக்குள்ள காலம் கடந்து போச்சி. ஆம்பூர் மண்டியில தோல் கட்டைப் பிரிச்சா முடி கொத்துக் கொத்தா கையோட வருது. முதலாளி மூக்கைத் துண்டால மூடிக்கிட்டு மேஸ்திரியைப் பார்த்தாரு. மேஸ்திரி ஒண்ணையும் மறைக்காமச் சொல்லிட்டாரு. நான் வேலை போச்சின்னு நெனச்சிக்கிட்டேன்.

"அவனைப் புதைச்சிட்டீங்க இல்ல, இதையும் பாலாத்துல குழி தோண்டிப் புதைச்சிடுங்க, யாரு கேட்டாலும் கடல்ல மழையில நனைஞ்சி கெட்டுப் போச்சின்னு சொல்லுங்க."

மங்கம்மா

எல்லாத்துக்கும் கடைசியாத்தான் மங்கம்மா வீட்டுக்குப் போனேன். துண்டு முடிச்சை அவ கையில வச்சேன். சேதி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்துது. அழுது ஓய்ஞ்சி போயிருந்தா. கொல்லையில வேப்ப மரத்தடியில சின்னதாக் குழி பறிச்சி மண்ணைக் கொட்டினா, மேல பாலை ஊத்தினா. மணல் பாலை உடனே குடிச்சிடுச்சி. இன்னும் கொஞ்சம் ஊத்தினா.

கடல்ல போடாம எப்படிண்ணா கரைக்குக் கொண்டாந்தீங்கன்னு அப்புறந்தான் கேட்டா. சொன்னேன். சொல்லக்கூடாதுன்னுதான் நெனச்சிக்கிட்டுப் போனேன், அவ முகத்தைப் பார்த்து வேற ஒண்ணும் வாயில வரல. அவ குழியையே பார்த்துக்கிட்டு இருந்தா.

"உப்பு கண்ணுல படாமப் போட்டியாண்ணா, அவருக்குக் கண்ணு எரிஞ்சா தாங்க மாட்டாரு."

உப்புப் போடத் தெரிஞ்சவனுக்கு உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் வேலை உண்டுன்னு சொல்லித்தான் எங்கப்பா என்னை மண்டியில சேர்த்து விட்டாரு, இப்படி ஒரு வேலையும் இருக்குதுன்னு அவருக்கே தெரியாது.