மச்சாளின் பொட்டு

இதை எழுத ஏழு வருடமாகத் தயங்கினேன். வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில் அம்மாள் கோயில் கதவு திறக்கும்போது எழுதிவிடவேண்டும் என்று நினைப்பேன். கதவு சாத்தியதும் விட்டுவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாவிக்கரை ஊரில் கண்ணகை அம்மன் பொங்கலுக்கான நெல்லைக் கோயிலிலேயே குற்றுவோம். புருசன் உள்ள பெண்கள்தான் உலக்கை தொடலாம். அடுத்த வளவு மச்சாளும் வருவாள். சண்டைக் காலத்தில் மாங்கேணிக்குப் போன அவள் புருசன் திரும்பவே இல்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று பொட்டும் தாலியுமாக இருந்தாள். ஊரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பெயரில் இருந்த வீடு வளவை மகளுக்கு எழுத மரணச் சான்றிதழ் தேவைப்பட்டது. பதிவுக் கந்தோருக்குத் துணையாகப் போனது நான். கையெழுத்து வைக்கமாட்டேன் என்று அழுதாள்.

"கடதாசிதானே மச்சாள், அவர் வந்தா கிழிச்சுப் போடுவம்," என்றேன். ஒருவருக்கும் சொல்வதில்லை என்று அம்மாள்மேல் சத்தியமும் செய்தேன். அதன்பிறகுதான் கையெழுத்து வைத்தாள்.

அந்த வருடப் பொங்கலுக்கு முதலாவது உலக்கையைப் பிடிக்க இருவரும் ஒன்றாகக் கை நீட்டினோம்.

"தள்ளு கா, நான் பிள்ளைக்கு நேர்த்தி வச்சு வந்தனான்," என்றேன்.

"எத்தின வருச நேர்த்தி? அம்மாளுக்கே அலுத்துப்போச்சு," என்றாள். பெண்கள் சிரித்தார்கள்.

"கருவாட்டு வாய மூடடி!"

"மலடி குத்தின அரிசி பொங்குமா?"



"நான் மலடிதான். நீ ஆரடி? புருசன் செத்திட்டான் எண்டு கந்தோரில கையெழுத்து வச்சிட்டு, இஞ்ச பொட்டு வச்சுக்கொண்டு ஆரை ஏமாத்துறாய்? அம்மாளையா?"

உலக்கைகள் நின்றன. மச்சாள் என்னையே பார்த்தாள்.

"கடதாசிதான் எண்டு நீதானே சொன்னாய்?"

"நான் ஒண்டும் சொல்லல்ல," என்றேன்.

சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தாள். உலக்கையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். நான் குற்றினேன். பொங்கலும் நன்றாகப் பொங்கியது. வாங்கித் தின்றேன்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது வேலிக்கு அப்பால் நின்றே சொன்னாள்: "இவ்வளவு காலமும் அந்த மனிசனை நான் உயிரோட வச்சிருந்தன். நீ சாகடிச்சிட்டாய்." இன்றுவரை அவள் பொட்டு வைக்கவில்லை.

இதை வாசிப்பவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் அவள் என்னை மலடி என்றதைப் பெரிதாக்கி என் பாவத்தைக் குறைக்கவேண்டாம். சத்தியம் செய்தவள் நான், சொன்னவளும் நான், சொல்லவில்லை என்றவளும் நான். நடந்தபடியே சொல்லுங்கள்.