சிவப்பு ஒயரும் சௌல்தாரி மண்ணும்

அந்தக் கறுப்புக் காரில் ரேடியோ கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இரண்டு குமிழ்கள், நடுவில் மஞ்சள் விளக்கு, கீழே உள்ளங்கை அகல ஒலிபெருக்கி ஒன்று. சுவிட்சைப் போட்டால் வால்வுகள் சூடாகிப் பேச ஆரம்பிக்க முக்கால் நிமிடம் ஆகும். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு வண்டியை நிறுத்தினால் செய்தி தெளிவாகக் கேட்கும். வண்டி மேட்டில் ஏறினால் எஞ்சின் மட்டும்தான் கேட்கும்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் போர்ட் பிளேயரில் ஒரு அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தேன். காரின் சொந்தக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். குடும்பம் பாம்பூஃப்ளாட்டில் இருந்தது. அவர் தினமும் காலையில் ஃபெர்ரியில் இக்கரைக்கு வந்து, என் குவார்ட்டர்ஸின் தகரக் கொட்டகையில் நிறுத்தியிருக்கும் காரை எடுத்து டாக்ஸி ஓட்டுவார். அதற்கு முன்பு மீன் பிடித்தவர். ஒரு மழைக்காலத்தில் அவர்கள் படகு கவிழ்ந்தது. அவர் நீந்திக் கரை சேர்ந்தார். அவருடைய அண்ணன் சேரவில்லை. அதன்பின் படகில் தனக்கிருந்த பங்கை விற்று இந்தக் காரை வாங்கினார்.

கிராமங்களுக்குப் பஸ் விட்டதும் டாக்ஸிக்கு ஆள் குறைந்தது. பாம்பூஃப்ளாட்டில் ஒரு படகுக்காரர், அவருக்குத் தூரத்து மாமா முறை, மறுபடி கடலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பதில் சொல்ல வேண்டும் என்று கெடு. அதே வாரத்தில்தான் சிப்பிகாட் அரசு விவசாயப் பண்ணையின் அதிகாரி ஒருவர் இன்னொரு வேலை சொன்னார். மாலையில் வானொலியில் வரும் விவசாய நிகழ்ச்சியை, அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றிய குடியேறிகள் கேட்கவேண்டும். அநேக வீடுகளில் ரேடியோ இல்லை. ஊர் ஊராகப் போய் நின்று, நாற்பது ஐம்பது பேருக்குக் கேட்கும்படி ரேடியோ போட ஒரு வண்டி தேவை. சனிக்கிழமை மாலை ஆறரைக்குச் சௌல்தாரி என்ற குடியேற்ற ஊரில் சோதனை. சத்தம் போதுமானால் வாரம் இரண்டு நாள் நிரந்தர வேலை.

கார்க்காரரின் மனைவி அந்த வாரம் ஒரு நாள் கணவரோடு ஃபெர்ரியில் வந்து என் வாசலில் நின்றார்.

"அண்ணே, அந்த டப்பாவ எப்பிடியாவது கத்த வச்சிருங்க. இவுக கடலுக்குப் போனா நான் கரையில நின்னுட்டே கெடக்கணும். இன்னொரு தடவ என்னால முடியாது."

"அவ சொல்லுறத கேக்காதீங்க அண்ணாச்சி. நான் நல்லா நீந்துவேன்" என்றார் கணவர்.

"உங்க அண்ணனும் நல்லாத்தான் நீந்துனாரு."

அவர் காரைத் துடைக்கக் கொட்டகைக்குப் போனார்.

நான் தபால் வழியில் ரேடியோ பாடம் படித்திருந்தேன். ஒன்பது பாடங்களையும் அட்டை போட்டு வைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். ரேடியோவின் சத்தத்தைப் பெருக்க வாங்கிய ஆம்ப்ளிபயர் புதியது, டிரான்சிஸ்டர் போட்டது, ஒரு தெரிந்தவர் மெட்ராஸிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொடுத்தார். சாம்பல் நிறத் தகரப்பெட்டி. பின்னால் மின்சாரத்துக்கு ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். கூரையில் கட்ட ஒரு கூம்பு ஒலிபெருக்கியும் கிடைத்தது.

இணைப்பு முறையைக் கேட்க வியாழக்கிழமை சாயங்காலம் பஜாரில் இருந்த ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அவர் வங்காளி, சௌல்தாரியில் நிலம் ஒதுக்கப்பட்டுக் குடியேறியவர். நடவு வாரம் என்பதால் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான். அவருடைய இந்தியில் வங்காளமும் என்னுடையதில் தமிழும் கலந்திருக்கும். இந்தத் தீவுகளில் எந்தக் குடியேறியோடு பேசினாலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு ஜமீனுக்கு வந்துவிடும். ஜமீன் என்றால் நிலம். எத்தனை பிகா, மேடா பள்ளமா, சர்வேயர் எப்போது வருவார் என்று போகும். அன்றும் அவர் தன் தம்பியோடு நிலத்தைப் பிரிப்பது பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவிலேயே என் ஆம்ப்ளிபயரைத் திருப்பிப் பார்த்தார். காரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை எடுத்து, ரேடியோவுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவில் இதைப் போடு என்றார். நான்கு ரப்பர் வாஷர்களும் ஒரு பலகையும் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"லால் ஜமீன் ஹை, பாபு. தோனோம் கா ஜமீன் அலக் ஹை. மிலானா மத்."

சிவப்பு நிலம், இரண்டு பேருக்கும் நிலம் தனித்தனி, சேர்க்காதே. எனக்கு அப்படித்தான் விளங்கியது. தம்பியோடு இவ்வளவு மனக்கசப்பா என்று வருந்தி, "பாய் லோக் மே ஐசா ஹோதா ஹை" என்று ஆறுதல் சொன்னேன். அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் இருப்பதுதான் என்று அர்த்தம். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நாற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். அன்றைய டைரியில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மெக்கானிக்கின் நிலம் செம்மண். பாகப்பிரிவினை நடக்கிறது. பாவம்."

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வேலையை ஆரம்பித்தேன். என் பாட நோட்டில் தெளிவாக இருந்தது: சிவப்பு, பேட்டரியிலிருந்து வரும் ஒயரில், கறுப்பு, வண்டியின் உடம்பில். வண்டியின் இரும்பு உடம்பையே திரும்பிப் போகும் ஒயராகப் பயன்படுத்துவதற்குத்தான் எர்த் என்று பெயர். எர்த் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று டிக்கிக்குள் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பெயிண்டை எடுத்தேன். திருகாணி போடவேண்டிய நான்கு இடங்களிலும் வெள்ளை இரும்பு தெரிந்தது. ரப்பர் வாஷர் போட்டால் எர்த் கெட்டுவிடுமே என்று அவற்றைத் தவிர்த்தேன். பலகை அதிர்வுக்காகக் கொடுத்தது, அவசியமில்லை என்று தீர்மானித்தேன். ஆம்ப்ளிபயரின் தகரப்பெட்டியை நேராக இரும்பில் வைத்து நான்கு திருகாணிகளை முடுக்கினேன்.

கார்க்காரர் பக்கத்தில் டார்ச் பிடித்து நின்றார். "அண்ணாச்சி கை வேலைன்னா வேலைதான். கோயில் பீடம் மாதிரி இருக்கு" என்றார்.

ரேடியோ சூடாகிப் பேச ஆரம்பித்தது. ஆம்ப்ளிபயரின் சுவிட்சைப் போட்டேன். கூம்பிலிருந்து ஒரே ஒரு 'டப்'. பிறகு ஒன்றுமில்லை. நூல் போல ஒரு புகை டிக்கியிலிருந்து எழுந்தது. ஃபியூஸ் அதற்குப் பிறகுதான் போயிற்று.

அவர் மூக்கை உறிஞ்சினார். "கருவாடு சுட்ட வாசம் வருதே அண்ணாச்சி."

நோட்டை எடுத்து ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி சரிபார்த்தேன். எல்லாம் பாடத்தில் உள்ளபடியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"விடுங்க. நமக்கு ரோடு ராசியில்ல, தண்ணிதான்னு நெனச்சுக்கிடுவேன்" என்று சொல்லி அவர் ஃபெர்ரிக்கு நடந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் வீட்டில் போய் இதை யாரிடம் சொல்லவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை அரை நாள். ஒன்றரைக்கு இருவரும் காரில் ஆம்ப்ளிபயரோடு சௌல்தாரிக்குக் கிளம்பினோம். வழி முழுக்க மழை. மெக்கானிக் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று பெட்டியைக் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் சேறு.

"போலா தா நா! லால் ஜமீன் ஹை!" சொன்னேனே என்று கத்தினார்.

நான் அவருடைய வயலைப் பார்த்தேன். கரிய சேறு. பக்கத்து வயலும் கரியதுதான். சிவப்பு மண் எங்கேயும் இல்லை.

"ஆப் கா ஜமீன் தோ காலா ஹை" என்றேன். உங்கள் நிலம் கறுப்பாக அல்லவா இருக்கிறது.

அவர் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நாற்றைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். வங்காளத்தில் எதையோ கூவி, அடுத்த வயலில் நின்ற தம்பியிடமும் சொன்னார். மனக்கசப்பு என்று நான் நினைத்த அந்தத் தம்பியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என்னவாம் அண்ணாச்சி? எதுக்கு இப்பிடிச் சிரிக்கானுவ?" என்றார் கார்க்காரர்.

மெக்கானிக் சிவப்பு ஒயரைப் பிடித்துக் காரின் உடம்பைக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. ஜமீன் என்று அவர் சொன்னது எர்த்தை. பழைய கார்களில் பேட்டரியின் பிளஸ் முனையைத்தான் வண்டியின் உடம்போடு இணைத்திருப்பார்கள்; பின்னால் வந்தவற்றில் மைனஸ் முனையை. என் நோட்டு பின்னால் வந்த வண்டிகளுக்கானது. இந்தக் காரில் பிளஸ்ஸுக்கான சிவப்பு ஒயர்தான் உடம்புக்குப் போகவேண்டும். ஆம்ப்ளிபயரின் தகரப்பெட்டியோ அதன் கறுப்பு ஒயரோடு சேர்ந்தது. ஆகவே அந்தப் பெட்டி காரைத் தொடவே கூடாது. காரும் ஆம்ப்ளிபயரும், இரண்டின் ஜமீனும் தனித்தனி. சேர்க்காதே. பலகையும் ரப்பரும் அதற்காகத்தான். நான் பெயிண்டைச் சுரண்டி, திருகாணி போட்டுச் சேர்த்திருந்தேன். வேலையை ஆரம்பிக்கும்போதே நான் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நோட்டைத்தான் பார்த்தேன்.

அதை அப்படியே கார்க்காரரிடம் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன்.

"அப்ப கார் மேல குத்தமில்ல?"

"இல்லை."

"கார் மேல குத்தமில்லன்னா சரி" என்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் தெளிவு வந்தது.

மெக்கானிக் தன் வீட்டில் பெட்டியைத் திறந்தார். பெரிய டிரான்சிஸ்டர்கள் இரண்டில் ஒன்று செத்திருந்தது. அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் ஆகும். அவர் யோசித்தார். பரணிலிருந்து ஒரு மரப்பெட்டியை இறக்கினார். அது ஊர் பூஜைக் கமிட்டியின் மைக் செட், ஜெனரேட்டர் கரண்டில் மட்டும் ஓடுவது. "பூஜாவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கிறது, துர்கா மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள்" என்று அதிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றினார். அடுத்த கப்பலில் புதியது வரவழைத்துக் கொடுப்பதாக நான் சொன்னேன், பின்பு கொடுத்தேன். இந்த முறை நான் டார்ச் பிடித்தேன். பலகையை முதலில் முடுக்கினார், அதன்மேல் ரப்பர், அதன்மேல் ஆம்ப்ளிபயர். சிவப்பைக் காரின் உடம்பில் இணைத்தபோது என் கை தானாக அவர் தோளைத் தொட்டது. "டரோ மத்" என்றார், பயப்படாதே என்று.

ஐந்தே முக்காலுக்கு முடிந்தது. பள்ளிக்கூடத் திடலில் வண்டியை நிறுத்தினோம். குடைகளோடு முப்பது பேர்வரை வந்திருந்தார்கள். பண்ணை அதிகாரி ஜீப்பில் வந்தார், அதிகம் பேசாத மனிதர். "நான் அந்த ஓடை வரைக்கும் நடக்கிறேன். வார்த்தை புரிந்தால் குடையை மடக்குவேன்" என்றார்.

மழையில் குடையை மடக்குவது! ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அவர் வரப்பில் நடக்க ஆரம்பித்தார்.

ரேடியோ சுவிட்ச். முக்கால் நிமிடம். பிறகு ஆம்ப்ளிபயர். கார்க்காரர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கூம்பிலிருந்து முதலில் ஒரு கரகரப்பு, அதன்பின் ஒரு மனிதக் குரல் நெல் நாற்றைப் பற்றி இந்தியில் பேசிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு கோழி பறந்து போயிற்று. திடலில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். ஓடைக்கரையில் அதிகாரி திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கேட்டார். குடையை மடக்கினார். மடக்கியபடியே நனைந்துகொண்டு நின்று, நாற்றுக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டவேண்டும் என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"செவ்வாய் சிப்பிகாட், வியாழன் இங்கே" என்றார். "தாமதம் கூடாது."

ஞாயிறன்று நானும் பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். பூசை முடிந்து வெளியே வந்த படகுக்காரர், "என்னலே, நாளைக்கு வாரியா?" என்றார்.

"இல்ல மாமா. வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"அந்தத் தகரத்த நம்பியா?"

"தகரம் கவுராது மாமா."

படகுக்காரர் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். கடலில் போன அந்த அண்ணனை அவருக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மனைவி மட்டும் இன்னும் நம்பவில்லை. "வாய்ச்சொல்லு வேண்டாம். செவ்வாக்கெழம நானும் வாரேன். காதால கேட்டாத்தான் எனக்குத் தூக்கம்" என்றார்.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சிப்பிகாட்டில் அன்று மழை இல்லை. ஆம்ப்ளிபயரைப் போட்டதும் அந்தப் பெண் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, கொறைங்க! காது போவுது!"

கணவர் குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். மனைவி காதிலிருந்து கையை எடுக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார்.