செம்பாக்கத்துக் கியர் வண்டி

ஆட்டோமேட்டிக் எனக்கு ஆகாது. கியர் வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பல மாதமாகத் தேடி, கடைசியில் விளம்பரம் பார்த்துச் செம்பாக்கம் போனேன்.

காரின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டிய அம்மா. காட்டன் புடவை, கழுத்தில் சிறு சிலுவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. பேசும்போதெல்லாம் அவருடைய இடது கை காற்றிலேயே கியர் மாற்றிக்கொண்டிருந்தது.

ஏரிக்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"நல்லாவே ஓட்டுறீங்க தம்பி. ஒரு ஹெல்ப் பண்ணுங்க. வண்டி பிடிக்கலன்னு சொல்லிடுங்க. இந்த வயசுல இது எதுக்குன்னு விளம்பரம் குடுத்தது எங்க வீட்டுக்காரர்தான்."

வாசலில் அவருடைய கணவர் காபியோடு நின்றிருந்தார். "வண்டி எப்படி சார்?"

மனசே இல்லாமல், "கியர் ரொம்ப டைட்டா இருக்கு சார்" என்றேன். பின்னால் அம்மா "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

"வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

"மெக்கானிக்கிட்ட காட்டலையா சார்?"

"காட்டினா சரியாயிடுமே" என்று காபியை நீட்டினார்.

அம்மாவே என்னைத் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுவந்து விட்டார். வழியில் அவர் முந்தாத வண்டி இல்லை. கணவர் சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.