பத்சேபா அரசிக்கு இரண்டாம் பரிசு

எனக்குப் பத்து வயதில் தெரியாத விஷயமே கிடையாது. அந்த வருடம் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர்கள் நடத்திய கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் சிறுவர்களுக்குக் கதைப்போட்டி வைத்தார்கள். விவிலியத்தில் வரும் பெண் ஒருத்தியின் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். மற்றப் பிள்ளைகள் மரியாளுக்கும் எஸ்தருக்கும் அடிபட்டுக்கொண்டிருக்க, நான் பத்சேபாவைப் பிடித்தேன். சாலமோனின் தாய், அரசி, போட்டிக்கும் ஆளில்லை.

"அந்தக் கதை சின்னப்பிள்ளையள் சொல்ல ஏலாது" என்றார் பொறுப்பாக இருந்த சிஸ்டர்.

"எனக்கு ஏலும், சிஸ்டர்" என்றேன்.

ஜெர்மன் சிறுவர் பைபிளில் வாசித்து, கண்ணாடிக்கு முன்னால் நின்று தமிழாக்கினேன். வீட்டில் யாரிடமும் உதவி கேட்கவில்லை.

விழாவன்று மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா நடுவரிசையில் இருந்தார். அப்பா பின்னால் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்துத் தொடங்கினேன். பத்சேபாவின் கணவன் உரியா ஒரு போர்வீரன். அவள்மேல் ஆசைப்பட்ட தாவீது அரசன், சண்டை மும்முரமாக இருந்த இடத்தில் உரியாவை நிறுத்தும்படி கட்டளையிட்டான். உரியா செத்துப்போனான். அடுத்த வசனத்தை நானே யோசித்துச் சேர்த்திருந்தேன்:

"பத்சேபா கொஞ்சநாள் அழுதா. பிறகு அரசனைக் கலியாணம் கட்டி, உரியாவை மறந்துபோய்ச் சந்தோசமா இருந்தா."

"அவ மறக்கேல்லை."

அம்மாவின் குரல். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எழுந்தது அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

"அம்மா, பைபிள்ல அப்பிடி இல்லை!" என்று மைக்கிலேயே சொன்னேன். முன்வரிசைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா தேநீர்த் தட்டை அப்படியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நான் கதையை விடவில்லை. பத்சேபாவின் முதற்குழந்தை இறந்ததையும், பிறகு சாலமோன் பிறந்ததையும் சொன்னேன். கிழவனாகிவிட்ட தாவீதிடம் அவள் நேரே போய்த் தன் மகனுக்கு அரியணையைக் கேட்டு வாங்கியதையும், அரசனான மகன் எழுந்து தாயை வணங்கித் தன் வலப்பக்கத்தில் இருத்தியதையும் சொல்லி முடித்தேன். முதற்பரிசு எஸ்தருக்குப் போனது. அவள் கிரீடம் வைத்திருந்தாள்.

அம்மா மன்னாரில் முன்னமே ஒருமுறை கலியாணம் செய்தவர் என்பதும், கட்டாயத்தில் சண்டைக்குக் கொண்டுபோகப்பட்ட அந்த மனிதர் திரும்பவில்லை என்பதும் எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரியவந்தது. மண்டபத்திலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே தெரியும். எல்லாம் தெரிந்துதான் அப்பா அம்மாவைக் கைப்பிடித்திருக்கிறார்.

விழா முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்: "அம்மா சொன்னதுதான் சரி, பிள்ளை."

"எந்த அதிகாரத்தில எழுதியிருக்கு?"

"எழுதேல்லை. எண்டாலும் சரி."

அம்மா முன்னிருக்கையில் வெளியே பார்த்தபடி வந்தார். கியர் மாற்றாத நேரமெல்லாம் அப்பாவின் கை அம்மாவின் கைமேல் இருந்தது. முதற்பரிசு கைநழுவிப்போன கவலைதான் இருவருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. பின்னாலிருந்து எட்டி அம்மாவின் தோளைத் தட்டினேன்.

"கவலைப்படாதேங்கோ அம்மா. அடுத்த வருசம் நான் வேற ராணியைச் சொல்லுறன்."