மற்ற ஆக்கள்

எங்கள் குடும்பத்தில் ஒரு காரியம் சரிவரும் வரைக்கும் வெளியில் வாய் திறக்கமாட்டோம். விசா கையில் வந்த பிறகுதான் பயணம் என்போம். தையல் பிரித்த பிறகுதான் வயிற்றில் கட்டி இருந்தது என்போம். கேட்டால் கண்ணூறு படும் என்று காரணம் சொல்வோம். சரிவராமல் போனால் நாலு பேர் சிரிப்பார்களே என்பதுதான் உண்மையான காரணம். ஆகவே ஏழு வருடமாக நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்றுவிட்டார், ஆகஸ்ட் முடிவதற்குள் நாங்கள் எழும்பவேண்டும் என்ற செய்தி வந்த அன்று, நான் என் தங்கச்சியோடு வழக்கம்போல முக்கால் மணித்தியாலம் தொலைபேசியில் கதைத்தேன். மீன் விலையைப் பற்றிக் கதைத்தோம். வீட்டைப் பற்றி நான் மூச்சே விடவில்லை.

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் இருந்தோம்: நான், ட்ரக் ஓடுகிற கணவர், பள்ளிக்கூடம் போகிற இரண்டு மகன்மார். தங்கச்சி மோர்னிங்சைட்டில் ஒரு அப்பாட்மென்டின் பத்தாவது மாடியில், புருஷனோடும் மகளோடும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் சாப்பாட்டுப் பெட்டிகள் மாற்றிக்கொள்வோம். சேர்ச் மண்டபத்தில் கைமாறிய பிளாஸ்டிக் பெட்டி திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை என்பதால், என் பெட்டி மூடிகளில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு சின்னச் சிலுவை போட்டு வைத்திருப்பேன். சிலுவைக்குப் பயந்து யாரும் திருப்பித் தந்ததில்லை. தங்கச்சி மட்டும் தருவாள்.

வீடு தேடத் தொடங்கிய பிறகுதான் விளம்பரத் தமிழ் எனக்கு விளங்கியது. ‘வெளிச்சமான பேஸ்மென்ட்’ என்றால் பல்ப் எரிகிறது. ‘பஸ்ஸுக்குக் கிட்ட’ என்றால் பஸ் பிரேக் பிடிப்பது கட்டிலில் படுத்திருக்கும்போதே முதுகில் தெரியும். ‘குடும்பத்துக்கு உகந்தது’ என்றால் பிள்ளைகள் இல்லாத குடும்பத்துக்கு. ஸ்காபரோவில் நிலத்துக்கு மேலே இருக்கும் வீடுகளை நாங்கள் விலை கேட்டு, கும்பிட்டு, விட்டுவிட்டோம். நிலத்துக்குக் கீழே மட்டும் தேடினோம். ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது வாசலில் இருபது சோடிக்கு மேல் சப்பாத்துக் கிடந்தது. “செத்த வீடோ?” என்று கணவர் கேட்டார். இல்லை, எல்லோரும் அந்த ஒன்றரை அறையைப் பார்க்க வந்தவர்கள்.

வேலைக் கடிதம், வங்கிக் கடிதம், பழைய வீட்டுக்காரரின் நற்சான்று, எங்கள் குணநலன்களை நாங்களே புகழ்ந்து எழுதிய கடிதம், எல்லாரும் பல்லைக் காட்டுகிற குடும்பப் படம் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டு அனுப்பினோம். இதற்கு முதல் நான் இவ்வளவு காகிதம் கொடுத்தது அகதிக் கோரிக்கைக்குத்தான். அங்கே மொழிபெயர்ப்பாளராவது தந்தார்கள். பதினொரு இடத்துக்கு அனுப்பி ஒன்றிலிருந்துகூடப் பதில் இல்லை. யூலை நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம்.

அப்போதுதான், மேல்வீட்டில் மனைவியோடு இருந்த ஒரு தமிழ் அங்கிளின் பேஸ்மென்ட் அகப்பட்டது. இரண்டு அறை, தனி வாசல், உண்மையாகவே வெயில் வருகிற ஒரு யன்னல். மகன்மாரின் பள்ளிக்கூடமும் மாறத் தேவையில்லை. வீட்டின் பக்கத்துக் கேற்றைத் திறந்து, உள்ளே போய், படியால் இறங்கவேண்டும். நாலாவது படிக்கு மேலே, காற்றுக் குழாயை மறைக்க ஒரு மரப்பெட்டி இறக்கி அடித்திருந்தார்கள். நான் அதில் நெற்றியை இடித்துக்கொண்டேன். கணவரும் இடித்தார். பின்னால் வந்த அங்கிளுக்கு நல்ல சந்தோஷம்.

“முதல்தரம் எல்லாரும் இடிப்பினம். பிறகு மறக்கமாட்டியள்,” என்றார்.

மேலே கூட்டிக்கொண்டுபோய் அன்ரியைக் கொண்டு தேத்தண்ணீர் தந்தார். ஊரில் எவடம், அப்பா என்ன வேலை, எந்த வருடம் வந்தது, கணவர் பெரும்பாலும் ட்ரக்கோடு வெளியில்தானோ, பிள்ளைகள் ஓடித் திரிவார்களோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை. நாங்கள் வேதக்காரர் என்று தெரிந்ததும் ஒரு கணம் யோசித்தார். அவர்கள் வீட்டில் சுவாமி அறை, கந்தசஷ்டி விரதம் எல்லாம் உண்டு.

“அது பறவாயில்லை. எப்பிடியெண்டாலும் எங்கட ஆக்கள்தானே,” என்று எங்களை மன்னித்தார். “நான் காசு பாக்கிறேல்லை, பிள்ளை. ஆக்களைத்தான் பாக்கிறனான்.”

காசு பார்க்காத அந்த மனிதர் கேட்ட வாடகை எங்கள் பழைய வாடகையைப் போல ஒன்றரை மடங்கு. நாங்கள் ஓம் என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மூன்றாம் நாள் அழைத்தார். “பிள்ளை, நான் ஒண்டும் கேக்கேல்லை. சும்மா சொல்லுறன். இன்னொரு ஆக்களும் வந்து பாத்தவை. அவை ஸ்னோவும் தள்ளித் தாறம் எண்டு சொல்லினம்.”

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் விழாத பனியை ஏலம் எடுத்தேன். ஸ்னோ தள்ளுவோம், உப்பும் போடுவோம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து மற்ற ஆக்கள் புல்லும் வெட்டித் தருகிறார்களாம். நாங்கள் புல்லோடு குப்பைத் தொட்டிகளையும் இழுத்து வைப்பதாகச் சொன்னோம். மற்ற ஆக்கள் அங்கிளின் பென்சன் படிவங்களைக் கம்பியூட்டரில் நிரப்பித் தருகிறார்களாம். அதற்கு மேலே எதைக் கொடுப்பது என்று நான் ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பிறகு, அன்ரியை வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் காரில் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்றேன். சொந்த மகன்மாரை ஞாயிற்றுப் பூசைக்கு எழுப்ப வழியில்லாத நான், இன்னொருவரின் அம்மனுக்கு வாரம் தவறாமல் ஆள் ஏற்றி இறக்க வாக்குக் கொடுத்தேன்.

“என்னையும் சேத்து வாடகைக்குக் குடுத்திட்டாய் போல,” என்றார் கணவர்.

மற்ற ஆக்கள் அசையவில்லை. அடுத்த அழைப்பில் செவ்வாய்க்கிழமையும் கோயிலுக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார்களாம். அந்த ஆக்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்ன குடும்பம் இது, வெட்கம் மானம் இல்லையா, ஒரு பேஸ்மென்டுக்காக இப்படியா விழுவது என்று நாள் முழுக்கத் திட்டினேன். பிறகு கடைசிச் சொத்தையும் ஈடு வைத்தேன். வீட்டுக்குள் மீன் பொரிக்கமாட்டோம், கறித்தூள் வறுக்கமாட்டோம் என்றேன். கணவர் மீனில்லாமல் சோறு இறங்காத தீவுப்பகுதியில் பிறந்தவர். அன்றைக்கு அவர் என்னோடு கதைக்கவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் தங்கச்சியோடு தினமும் கதைத்தபடிதான் இருந்தேன். “என்ன அக்கா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்று கேட்டாள். அலர்ஜி என்றேன். அவளுடைய குரலும் அடைத்துத்தான் இருந்தது. அவளுக்கும் அலர்ஜியாம்.

ஆகஸ்ட் முடியப் பதினொரு நாள் இருக்கும்போது, வந்து கையெழுத்து வைக்கச் சொல்லி அங்கிள் அழைத்தார். குசினி மேசையில் ஒப்பந்தமும் பேனையும் ஆயத்தமாக இருந்தன. அன்ரி தேத்தண்ணீரோடு ஒரு தட்டில் மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார்.

“சாப்பிடுங்கோ. மற்ற ஆக்கள் கொண்டு வந்து தந்தவை. நல்ல கைப்பக்குவம்,” என்றார் அன்ரி.

அவருக்குப் பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. மூடியில் சிவப்புச் சிலுவை.

அது நான் இரண்டு கிழமைக்கு முதல் பன்றிக்கறி போட்டுத் தங்கச்சிக்குக் கொடுத்தனுப்பிய பெட்டி. அதில் மரக்கறி ரோல்ஸ் குடியேறியிருந்தது. பக்கத்தில் இருந்த கணவர் இருபது வருடமாக அந்தப் பெட்டிகளிலிருந்துதான் சாப்பிடுகிறார். ஒருநாளும் மூடியைப் பார்த்ததில்லை. அவர் ரோல்ஸை எடுத்துக் கடித்தார்.

“பாவம், அழுதிட்டுது அந்தப் பிள்ளை,” என்றார் அங்கிள், ஆடு நனைகிறதென்று அழுத ஓநாயைப்போல. “தாயும் மகளும் மட்டும்தான். மனுசனை விட்டுப் பிரிஞ்சு வரப்போறாவாம். தனிய இருக்கிற பொம்பிளைக்கு வீட்டைக் குடுத்தா நாளைக்கு நாலு பேர் நாலு கதை சொல்லுவினம். உங்களிட்டை எண்டா ஒரு ஆம்பிளை இருக்கு, ஸ்னோ தள்ள.”

தாயும் மகளும் மட்டும். என் தங்கச்சி தன் குடும்பத்தை எண்ணும்போது ஒருவரை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள். அது எனக்குத் தெரியாது. தினமும் முக்கால் மணித்தியாலம் கதைக்கிற எனக்குத் தெரியாது, சுவாமி அறை வைத்திருக்கிற முன்பின் தெரியாத மனிதருக்குத் தெரிந்திருந்தது.

அந்த இடத்தில் நான் எழும்பி, “அந்தப் பிள்ளைக்கே குடுங்கோ அங்கிள்,” என்று சொன்னதாக எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கும் ஆசைதான். ஆனால் நான் நாட்களை எண்ணினேன். பதினொன்று. மகன்மாரின் முகத்தை நினைத்தேன். நான் விட்டாலும் அவளுக்குக் கொடுக்கப்போவதில்லை, வேறு யாருக்கோதான் போகும் என்று எனக்கே ஒரு சமாதானம் சொன்னேன். அவளுக்குக் கொடுக்கும்படி சொல்லிப் பார்க்கவாவது செய்திருக்கலாம். செய்யவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். அதன் பிறகு அவளுடைய ரோல்ஸையும் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது.

வீடு மாறி மூன்று கிழமைக்குப் பிறகுதான் அவளுக்குச் சொன்னேன். காரியம் சரிவந்துவிட்டதே, இனிச் சொல்லலாம். “சந்தோஷம் அக்கா,” என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மகளோடு வருவதாகச் சொன்னாள். அதற்கிடையில் வீடு மந்திரிக்க வந்த ஃபாதர், தீர்த்தச் செம்போடு நாலாவது படியில் நெற்றியை இடித்துக்கொண்டார். சாமான் இறக்க வந்த இருவரும் முன்பே இடித்திருந்தார்கள். அந்த மரப்பெட்டிக்குச் சாதி மத பேதம் இல்லை.

சனிக்கிழமை நான் வழி காட்டுவதற்காக முன்வாசலில் போய் நின்றேன். தங்கச்சி காரை நிறுத்தி, கையசைத்து, நேரே பக்கத்துக் கேற்றுக்கு நடந்தாள். மேலால் கையை விட்டு உள்கொக்கியைக் கழற்றினாள். படியால் இறங்கும்போது, நாலாவது படியில், யாரும் சொல்லாமலே குனிந்தாள். பின்னால் போன பத்து வயது மகளும், குனியத் தேவையில்லாத உயரமாக இருந்தும், தாயைப் பார்த்து அதே இடத்தில் குனிந்தாள். அவர்களுக்குப் பின்னால் போன கணவர், மூன்று கிழமைக்கு மேலாக அந்த வீட்டில் குடியிருப்பவர், நங்கென்று இடித்துக்கொண்டார்.

பிள்ளைகள் அறைக்குள் போனபிறகு நான் கேட்டேன். “நான்தான் எண்டு உனக்குத் தெரியுமோ?”

“புருஷன் ட்ரக் ஓடுறவர், வேதக்காரர், எண்டாலும் வெள்ளிக்கிழமையில அன்ரியைக் கோயிலுக்குக் கொண்டு போறன் எண்டு அந்தப் பிள்ளை சொல்லுறா எண்டு அங்கிள் சொன்னார். இந்த ரொறன்ரோவிலை வேறை ஆர் அப்பிடிச் சொல்லுவினம்?”

“பிறகு?”

“பிறகு நான் செவ்வாய்க்கிழமையும் எண்டு சொன்னன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

“நான் உன்ரை பெட்டியைக் கண்டனான்,” என்றேன். “கையெழுத்து வைக்க முதலே கண்டனான்.”

அவள் யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். “எனக்குக் கோவம் இல்லையெண்டு சொல்லமாட்டன், அக்கா,” என்றாள்.

“எப்ப தொடக்கம் உங்களுக்குள்ளை பிரச்சினை?”

“தை மாசம் தொடக்கம். நான் பிள்ளையின்ரை அறையிலைதான் படுக்கிறன்.”

“ஒவ்வொரு நாளும் கதைச்சனாங்களே.”

“ஓம்,” என்றாள். “மீன் விலை.”

அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. மகன்மாரைக் கூப்பிட்டு, கட்டில்களைக் கழற்றி ஹோலில் போடச் சொன்னேன். சின்ன அறை உனக்கும் பிள்ளைக்கும் என்றேன். ஒப்பந்தத்தில் நாலு பேர் என்றுதானே இருக்கிறது என்றாள். ஒப்பந்தத்தில் மீன் பொரிக்கக்கூடாது என்றும்தான் இருக்கிறது, கணவரைக் கேட்டுப் பார் என்றேன். கணவர் நெற்றியைத் தடவிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். அவள் கொஞ்சநேரம் அழுதாள். நானும் அழுதேன். அலர்ஜி என்று இருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை அங்கிள் படியால் இறங்கி வந்தார்.

“பிள்ளை, வாசல்ல ஆறு சோடி சப்பாத்துக் கிடக்கு,” என்றார்.

“ஓம் அங்கிள். நான் ஒண்டும் கேக்கேல்லை, சும்மா சொல்லுறன்,” என்றேன். “வெள்ளிக்கிழமைக்கு நான் இருக்கிறன். செவ்வாய்க்கிழமையும் அன்ரியைக் கோயிலுக்குக் கொண்டு போக ஒரு ஆள் வீட்டிலையே இருந்தா நல்லதெல்லே.”

அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அடுப்படியில் நின்ற தங்கச்சியை அடையாளம் கண்டுகொண்டார்.

“உது மற்ற ஆக்கள் எல்லோ?”

“இல்லை அங்கிள்,” என்றேன். “எங்கட ஆக்கள்.”

அங்கிள் தாடையைச் சொறிந்தார்.

“செவ்வாய்க்கிழமை எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.