குகை வாசலில் கட்டிய மாடி

குவைத்திலிருந்து அம்மா லீவில் வந்திருந்தபோது எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறந்து கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. திரும்பிப் போவாளா, இருந்துவிடுவாளா? ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவளை ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து அங்கே வீட்டு வேலைக்கு அனுப்பியது நைனா, எங்கள் அப்பாதான். அவள் போனதும் நான் பள்ளிக்கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்தேன். அம்மா இருந்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. நைனாவுக்கும் அண்ணனுக்கும் என்ன இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் அனுப்பியதில்தான் குடிசை போய்த் தளம் போட்ட வீடு வந்தது. அண்ணனுக்கு பைக் வந்தது. அதில் ஏறி நகரிக்கும் புத்தூருக்கும் சுற்றியதைத் தவிர அவன் வேறு வேலை பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. தளத்தின் மேல் நாலு மூலையிலும் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருந்தார்கள். பின்னால் மாடி கட்டுவதற்காம்.

அம்மா திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு தரிசனம் முடித்தாள். கீழே திருப்பதிக்கு இறங்கியதும் வீட்டுக்குப் போகலாம் என்றாள். அண்ணன் கேட்கவில்லை. ஊருக்கு வெளியே மலையடியில் ஒரு குகை இருக்கிறது, மெட்ராஸ்காரர்களெல்லாம் கார் வைத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்கள் என்று சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி ஆட்டோ பிடித்தான். அம்மா கொண்டுவந்த கேமரா அவன் கழுத்தில் தொங்கியது. நைனா அவன் பின்னால் போனார். அவர் எப்போதும் அப்படித்தான்.

குகையின் வாய் தாழ்வாக இருந்தது. குனிந்து நுழைந்தோம். பாறையில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வௌவால் நாற்றம் வேறு. அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தான். அம்மா மட்டும் பாறையில் சாய்ந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிம்மா, மூச்சு முட்டுது" என்றான் அண்ணன்.

"இதுக்கேவாடா? இங்க காத்து வந்துகினு கீது. எனக்கு அங்க குடுத்த ரூம்ல ஜன்னலே இல்ல. மாடிப்படிக்கு அடியில சாமான் போடற ரூமு. ராத்திரி அவங்கதான் வெளிய பூட்டுவாங்க, காலையில அவங்கதான் தொறப்பாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. மத்தியானம் என்ன குழம்பு என்று சொல்வது போலச் சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் செய்யும்போதெல்லாம் "நல்லா கீறேன்" என்று மட்டும்தான் சொல்வாள். நைனாவைப் பார்த்தேன். அவர் கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம். வாசல் ஓரமாகச் சின்னச் சின்னக் கல் அடுக்குகள். சொந்த வீடு வேண்டும் என்பவர்கள் எங்கள் பக்கத்து மலைகளில் இப்படிக் கல்லை அடுக்கி வேண்டிக்கொள்வார்கள். ஒரு கல் வைத்தால் ஒரு தளம். மேலே இன்னொன்று வைத்தால் மாடி. வைத்தது விழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

அம்மா தட்டையான கல் ஒன்றைத் தேடி எடுத்து, மண்ணைத் துடைத்து, அவற்றுக்கு நடுவே வைத்தாள்.

"வூடு குடுத்துட்ட சாமி. இது போதும்" என்று கும்பிட்டாள்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இருந்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அண்ணன் குனிந்து இன்னொரு கல்லை எடுத்து அதன் மேல் வைத்தான். சிரித்துக்கொண்டேதான் வைத்தான்.

"மேல ஒண்ணு வாணாவாம்மா? கம்பியெல்லாம் துருப்புடிச்சிக்கினு கீது."

இப்போதுதான் ஜன்னல் இல்லாத அறையைப் பற்றிக் காதால் கேட்டவன். அந்தக் காதில் என்னதான் விழுமோ எனக்குத் தெரியவில்லை.

மேல் கல் ஆடியது. தட்டிவிடலாம் என்று என் கை நீண்டது. அதற்குள் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கல்சில்லைப் பொறுக்கி அடியில் செருகினாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். கல் நின்றுவிட்டது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா புடவைத் தலைப்பை மொட்டைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். புத்தூர் தாண்டியதும் நைனாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் திரும்பிப் போறேன்னு அந்த ஏஜென்ட்டுகிட்ட ஒரு வார்த்த சொல்லி வெக்கணுமா?"

நைனா யோசிக்கவே இல்லை.

"போன வாரமே சொல்ட்டேன்" என்றார்.